முதல் வாய் ஊட்டும் முன்: மதுரை வட்டார மருத்துவமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவக் கண்காணிப்பாளர்களுக்கும், செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும், தனியார் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

மதுரையிலும் தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களிலும் உள்நோயாளிப் பிரிவுகளை நடத்தும் உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். எழுதுகிறவர்கள் செவிலியர்கள், பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர்கள், இயன்முறை சிகிச்சையாளர்கள். எச்சிலோ உணவோ வாந்தியோ புரையேறி நுரையீரலுக்குள் இறங்குவதால் வரும் நிமோனியாவை (நுரையீரல் அழற்சியை) வார்டிலேயே தடுக்க நாங்கள் கேட்பது ஒன்றுதான். நோயாளியின் வாயைச் சுத்தம் செய்வதும், அவருக்கு ஊட்டுவதும், ஊட்டும்போது அவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பதும் கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும். ஊசி போட்டால் நேரமும் கையெழுத்தும் இருக்கிறதல்லவா, அதே மாதிரி. ஷீட்டில் இல்லாத வேலை கடைசியில் கட்டில் ஓரம் உட்கார்ந்திருக்கும் மனைவியின் தலையிலோ மகளின் தலையிலோதான் விழுகிறது. எப்படிச் செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

பக்கவாதம் என்று சேர்த்தவருக்கு நான்காம் நாள் காய்ச்சல், மூச்சிரைப்பு. தலைக்காய அறுவை நல்லபடியாக முடிந்தவருக்கு அடுத்த வாரம் நெஞ்சில் சளி. 'புரையேறியிருக்கும்' என்று சொல்லி ஆன்டிபயாடிக்கை மாற்றுகிறோம். எப்போது புரையேறியது, என்ன ஊட்டியபோது, எந்த நிலையில் படுத்திருந்தபோது என்று கேட்டால் ஷீட்டில் பதில் இருக்காது.

உறங்கும்போது நம் எல்லோருக்குமே கொஞ்சம் எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கத்தான் செய்கிறது. இருமலும், மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள நுண்மயிர்களும் அதை வெளியே தள்ளிவிடுகின்றன. நிமோனியாவாக மாற மூன்று விஷயங்கள் சேர வேண்டும்: உள்ளே போகும் அளவு கூடவேண்டும், போவது கிருமி நிறைந்ததாக இருக்கவேண்டும், வெளியே தள்ளும் பலம் குறைந்திருக்க வேண்டும். நம் வார்டுகளில் முதலாவதை மட்டும்தான் பார்க்கிறோம். 'விழுங்க முடிகிறதா, இல்லையா' என்பதோடு கேள்வி முடிந்துவிடுகிறது.

1998-இல் சூசன் லாங்மோர் குழுவினர் அமெரிக்காவில் 189 முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வு இதைத்தான் உடைத்துக் காட்டியது. விழுங்கல் கோளாறு முக்கியம்தான். ஆனால் அது மட்டுமே நிமோனியாவைக் கொண்டுவருவதில்லை. பிறர் கையால் ஊட்டிவிடப்படுவது, பிறர் கையால் பல் துலக்கவேண்டிய நிலை, சொத்தைப் பற்கள், குழாய் வழி உணவு, ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள், மருந்துகளின் எண்ணிக்கை, புகைப்பழக்கம் ஆகியவைதான் முன்னால் வந்து நின்றன. தன் கையால் சாப்பிடுகிறவர் அடுத்த வாய்க்குத் தயாராகும்வரை கையைத் தூக்கமாட்டார். அடுத்தவர் ஊட்டும்போது வேகம், அளவு, நேரம் எல்லாமே ஊட்டுகிறவர் கையில். பார்வையாளர் நேரம் முடியப்போகிறதே என்ற அவசரமும் அந்தக் கரண்டியோடு சேர்ந்தே உள்ளே போகிறது.

யார் யாருக்கு ஆபத்து அதிகம் என்று அட்மிஷன் அன்றே குறித்துவிடலாம். பக்கவாதம், தலைக்காயம், பார்க்கின்சன், மறதி நோய், வலிப்பு வந்து தெளியாதவர், மதுவைத் திடீரென நிறுத்தியதால் வரும் குழப்பத்துக்குத் தூக்க மருந்து ஏற்றப்பட்டவர், வென்டிலேட்டர் குழாயை எடுத்தவர். கடைசியாகச் சொன்னவரை அடிக்கடி மறந்துவிடுகிறோம். 48 மணி நேரத்துக்கு மேல் தொண்டையில் குழாய் இருந்திருந்தால், எடுத்த பிறகு குரல்வளையின் உணர்ச்சி மங்கியிருக்கலாம். குழாய் எடுத்த கையோடு 'தண்ணி குடுங்க' என்று சொல்லும் வழக்கம் நிற்கவேண்டும்.

நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு கூட்டம் உண்டு: பூச்சிமருந்து, அரளி விதை, மண்ணெண்ணெய் என்று வருகிறவர்கள். வழியிலேயே உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைத்துக் கொண்டுவருகிறார்கள். நினைவு மங்கியவர் வாந்தி எடுத்தால் பாதி நுரையீரலுக்குத்தான் போகும். மண்ணெண்ணெய் வயிற்றில் இருப்பதைவிட நுரையீரலில் இறங்குவதுதான் பெரிய ஆபத்து. அதற்கு வாந்தியும் கூடாது, வயிறு கழுவுவதும் கூடாது. பூச்சிமருந்தோ வேறெதுவோ, நினைவு தப்பியவருக்கு மூச்சுக்குழாயைப் பாதுகாக்காமல் வயிறு கழுவக் கூடாது. இது நம் அவசரப் பிரிவுகளுக்குத் தெரியாததல்ல. வாகனத்தில் ஏற்றி அனுப்பும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் உங்கள் வழியாக எழுத்தில் போகவேண்டும். நினைவு தப்பியவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மருந்துகளிலும் ஒரு வார்த்தை. இரவில் சத்தம் போடுகிறார் என்று கொடுக்கும் ஹாலோபெரிடாலும் தூக்க மாத்திரையும் விழுங்கலையும் இருமலையும் மட்டுப்படுத்தும். வந்தவருக்கெல்லாம் இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் என்பது பழக்கமாகிவிட்டது; அமிலம் குறைந்தால் இரைப்பையில் கிருமி பெருகும், மருத்துவமனை நிமோனியாவுக்கும் அமிலம் குறைக்கும் மருந்துகளுக்கும் தொடர்பு இருப்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. தேவையுள்ளவருக்கு நிறுத்தச் சொல்லவில்லை. தினசரி ரவுண்ட்ஸில் 'இது இன்னும் வேண்டுமா' என்று ஒரு முறை கேட்டால் போதும்.

இனி முதல் வாய். பக்கவாதம் வந்தவருக்கு மாத்திரை உட்பட எதுவும் வாயில் போவதற்கு முன் விழுங்கல் சோதனை நடக்கவேண்டும். இதைப் பயிற்சி பெற்ற செவிலியரே செய்யலாம். நோயாளி குறைந்தது 15 நிமிடமாவது விழித்திருக்கிறாரா, நேராக உட்காரவைக்க முடிகிறதா, எச்சிலை விழுங்குகிறாரா, சொன்னால் இருமுகிறாரா என்று பாருங்கள். ஒன்று இல்லையென்றாலும் அங்கேயே நிறுத்துங்கள். எல்லாம் சரியென்றால் வாயைச் சுத்தம் செய்துவிட்டு, ஒரு டீஸ்பூன் தண்ணீர், 5 மில்லி. விழுங்கியதும் 'ஆ' சொல்லச் சொல்லுங்கள். மூன்று முறை. இருமல் இல்லை, குரல் ஈரமாகக் கரகரக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை என்றால் 90 மில்லியை டம்ளரில் கொடுத்து இடையில் நிறுத்தாமல் குடிக்கச் சொல்லுங்கள். நடுவில் நிறுத்தினாலோ, குடித்த ஒரு நிமிடத்துக்குள் இருமினாலோ, குரல் மாறினாலோ தேறவில்லை என்று பொருள். அவருக்கு வாய் வழி எதுவும் இல்லை என்று கட்டிலிலேயே எழுதித் தொங்கவிட்டு, விழுங்கல் சிகிச்சையாளருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

தொண்டையில் குச்சி வைத்துக் குமட்டுகிறதா என்று பார்ப்பது இதற்கு ஈடாகாது. குமட்டல் உள்ளவருக்கும் புரையேறும், இல்லாத பலர் ஒழுங்காக விழுங்குவார்கள். இருமாமலேயே நுரையீரலுக்குள் இறங்குவதும் உண்டு. ஆகவே தேறியவரையும் முதல் இரண்டு நாள் சாப்பாட்டு நேரத்தில் கண்ணில் வைத்திருக்கவேண்டும். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸின் 19 பக்கவாதப் பிரிவுகளில் காய்ச்சல், சர்க்கரை, விழுங்கல் என்ற மூன்றையும் செவிலியர்கள் வரைமுறைப்படி கவனித்ததன் முடிவு 2011-இல் வந்தது. 90 நாளுக்குள் இறந்தவர்களும், 90-ஆம் நாளில் பிறர் துணையோடு வாழ்ந்தவர்களும் சேர்ந்து, வழக்கமான கவனிப்பில் 58 சதவீதம். இந்த முறையில் 42 சதவீதம். புது மருந்தோ புது எந்திரமோ அதில் இல்லை.

வாய்க்கு வருகிறோம். இங்கேதான் நம் வார்டுகள் மிகவும் பின்தங்கியிருக்கின்றன என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

'வாய் வழி ஒன்றும் இல்லை' என்று எழுதியவுடன் பல் துலக்குவதும் நின்றுவிடுகிறது. சாப்பிடாதவர் வாய் எப்படி அழுக்காகும் என்று நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். மென்று விழுங்கும்போது ஊறும் எச்சில்தான் வாயைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. அது நின்றுபோய், வாய் திறந்தபடி மூச்சு விட்டு, ஆக்சிஜனும் வீசிக்கொண்டிருந்தால் மூன்றே நாளில் நாக்கில் பழுப்பாக ஒரு தோல் படியும். அண்ணத்தில் காய்ந்த சளி பொருக்காக ஒட்டியிருக்கும். கடைவாயில் பழைய புகையிலைத் துணுக்கும் பாக்குத் தூளும் இருக்கும். கட்டிய பல்செட் உள்ளேயே இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் போதும், அந்த எச்சில் நுரையீரலில் இறங்கினால் என்ன ஆகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டு நடந்த ஆய்வில், ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் பராமரிப்பாளர்கள் பல் துலக்கிவிட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கும், அப்படிச் செய்யாதவர்களில் 19 சதவீதம் பேருக்கும் நிமோனியா வந்தது. வென்டிலேட்டர் நோயாளிகளுக்கு 2022-இல் அமெரிக்கத் தொற்றுக் கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டுதலும் பல் துலக்குவதைக் கட்டாயப் பட்டியலில் சேர்த்தது. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியைத் தடவுவதைப் பொதுவாகச் செய்யவேண்டாம் என்றது. ஐ.சி.யூ.க்களில் பஞ்சில் மருந்தை நனைத்து உதட்டைத் துடைத்துவிட்டு 'வாய்ச் சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதுவதை விடுங்கள். வேலை செய்வது பிரஷ்தான்.

செய்யும் முறை: தலைப்பக்கத்தை உயர்த்துங்கள், முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கன்னத்தடியில் துண்டு விரியுங்கள். பல்செட்டைக் கழற்றுங்கள். குழந்தைகள் உபயோகிக்கும் சின்னத் தலை, மென்நார் பிரஷ் வாங்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி வாசல் கடையிலேயே கிடைக்கும். தண்ணீரில் நனைத்து உதறுங்கள், சொட்டக் கூடாது. துப்ப முடிந்தவருக்குப் பட்டாணி அளவு பேஸ்ட். துப்ப முடியாதவருக்குப் பேஸ்டே வேண்டாம், நுரை தொண்டைக்குப் போகும். ஈறும் பல்லும் சேரும் இடத்தை மெதுவாகத் தேயுங்கள். நாக்கைப் பின்னாலிருந்து முன்னால் வழியுங்கள். செயலிழந்த பக்கக் கன்னத்துக்குள் விரலில் ஈரத் துணி சுற்றி ஒரு முறை துழாவுங்கள், காலைச் சோற்றுப் பருக்கை மாலையில் அங்கே கிடைக்கும். கடிக்கக்கூடியவர் என்றால் விரலை விடாமல் பிரஷ் காம்பைப் பயன்படுத்துங்கள். திரண்டதைச் சக்ஷன் (உறிஞ்சும் கருவி) வைத்து எடுங்கள். கடைசியில் உதட்டுக்கு வாசலின். காலை ஒன்று, இரவு தூங்கும் முன் ஒன்று கட்டாயம். நினைவில்லாதவருக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை வாயை ஈரப்படுத்துங்கள். பல்செட்டைப் பிரஷால் கழுவி இரவில் தண்ணீரில் போட்டுவையுங்கள். மொத்தம் ஐந்து நிமிட வேலை.

அடுத்தது கட்டில். வாய் வழி சாப்பிடுகிறவர் முடிந்தவரை 90 டிகிரியில் உட்காரவேண்டும், முடிந்தபின் அரை மணி நேரம் அப்படியே இருக்கவேண்டும். குழாய் வழி உணவுக்கு 30 முதல் 45 டிகிரி. 30 டிகிரி என்று நாம் கண்ணால் பார்த்து நினைப்பது பெரும்பாலும் 15, 20தான். ஒரு கணக்கு: கட்டிலின் முதுகுப் பலகை 70 சென்டிமீட்டர் நீளம் என்றால், அதன் மேல் நுனி படுக்கை மட்டத்திலிருந்து 35 சென்டிமீட்டர் எழும்போதுதான் 30 டிகிரி, 45 டிகிரிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். ஒவ்வொரு கட்டில் பின்சுவரிலும் இந்த இரண்டு உயரத்திலும் பெயின்டில் கோடு போட்டுவிட்டால் இரவு ஷிப்டில் வருகிறவரும் ஒரே பார்வையில் தெரிந்துகொள்வார். முழங்கால் பக்கத்தை முதலில் கொஞ்சம் உயர்த்திவிட்டுத் தலைப்பக்கத்தை உயர்த்தினால் நோயாளி வழுக்கி இறங்கமாட்டார். தலைக்கு மட்டும் இரண்டு தலையணை வைப்பது உயர்த்தியதாகாது. கழுத்து மடங்கி வயிறு நசுங்கும், அவ்வளவுதான். கூட்டத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களுக்கு முதுகுச் சாய்வுப் பலகை வேண்டும். மரவேலைப் பிரிவில் ஒரு வாரத்தில் இருபது செய்துவிடலாம்.

வீட்டார் ஊட்டுவதைப் பற்றி விரிவாகச் சொல்லியாகவேண்டும். நம் ஊரில் நோயாளிக்குச் சாப்பாடு கொண்டுவருவது பாசத்தின் முதல் அடையாளம். இளநீர், பால், காபி, ரசம், பருத்திப்பால் என்று வருவதெல்லாம் நீர்த்த பொருட்கள். விழுங்கல் தளர்ந்தவருக்கு இவைதான் மிகவும் கடினம். தொண்டை மூடுவதற்குள் ஓடி இறங்கிவிடும். பாலில் ஊறிய இட்லியும், குழம்பு நிறைய ஊற்றிய சோறும் இன்னும் சிக்கல். கட்டி வாயிலேயே நிற்கும், நீர் முன்னால் ஓடிவிடும். ஜிகர்தண்டா ஆசையாகக் கேட்பார்கள். பால், கடற்பாசி, உருகும் ஐஸ்கிரீம் மூன்றும் மூன்று வேகத்தில் இறங்கும். குழைவாக, ஒரே பதமாக, கரண்டியில் நிற்பதாக இருக்கவேண்டும்.

அண்ணாந்து குடிக்கும் வழக்கத்தை நோயாளிக்கு நிறுத்தியே ஆகவேண்டும். டம்ளரை உதட்டில் படாமல் தூக்கி ஊற்றும்போது தலை பின்னால் சாய்ந்து மூச்சுக்குழாயின் வாசல் திறந்துகொள்கிறது. மாத்திரையைத் தொண்டையில் போட்டுத் தலையை உதறி விழுங்குவதும் அதே ஆபத்து. தாடை சற்றுக் கீழே இறங்கியிருக்கட்டும். அரைக் கரண்டி, நல்ல பக்கத்து வாயில். குரல்வளை மேலேறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த கரண்டி. ஊட்டும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது. கண் சொருகினால் கிண்ணத்தை மூடிவிடுங்கள். புரையேறினால் நாம் வழக்கமாக உச்சந்தலையில் தட்டுவோம், 'யாரோ நினைக்கிறாங்க' என்போம், ஒரு மடக்குத் தண்ணீர் கொடுப்போம். அந்தத் தண்ணீரும் நுரையீரலுக்குத்தான் போகும். முன்னால் சாய்த்து உட்காரவைத்து, இருமவிட்டு, குரல் தெளியும்வரை எதுவும் கொடுக்காமல் செவிலியரைக் கூப்பிடவேண்டும். இருமவோ பேசவோ முடியாமல் மூச்சே அடைத்தால் அது வேறு அவசரம். உடனே சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடவேண்டும்.

கெட்டியாக்கிய நீர் எல்லோருக்கும் வேண்டாம், சிகிச்சையாளர் சொன்னவருக்கு மட்டும். அப்படிக் கொடுத்தால் குடிக்கும் அளவு குறைந்து உடல் வறளும், சிறுநீர் அளவைப் பாருங்கள். கேழ்வரகுக் கஞ்சி, அரிசிக் கஞ்சி வைத்துக் கெட்டியாக்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சூட்டில் நீர்த்திருப்பது ஆறினால் இறுகும். நோயாளி வாயில் பட்ட கரண்டி மறுபடி கிண்ணத்துக்குள் போனால் எச்சிலில் உள்ள அமிலேஸ் மாவுச்சத்தை உடைத்துக் கஞ்சியை மறுபடி தண்ணீராக்கிவிடும். எனவே சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஊட்டவேண்டும். பதம் பார்க்க ஒரு 10 மில்லி சிரிஞ்ச் போதும். பூஜ்யத்திலிருந்து பத்துவரை உள்ள அளவுக்கோடு 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்கவேண்டும். பிஸ்டனை எடுத்துவிட்டு, முனையை விரலால் அடைத்து, 10 மில்லி நிரப்பி, விரலை எடுத்துப் பத்து விநாடி ஒழுகவிடுங்கள். ஒரு மில்லிக்கும் குறைவாக மிஞ்சினால் அது வெறும் தண்ணீர்ப் பதம். 4 முதல் 8 மில்லி நின்றால் இரண்டாம் நிலை, எட்டுக்கு மேல் நின்றால் மூன்றாம் நிலை. ஐ.டி.டி.எஸ்.ஐ. (IDDSI) என்ற இந்தச் சர்வதேச அளவுகோலைத்தான் இப்போது பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள்.

மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் ரைல்ஸ் டியூப் போட்டுவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்ற நம்பிக்கை ஆழமாக இருக்கிறது. தீராது. எச்சில் வழக்கம்போல் இறங்கும், இரைப்பையிலிருந்து மேலே ஏறியும் வரும். மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ்முனை என்று அளந்து, மூக்கருகே வரும் இடத்தில் குழாயில் குறி போட்டு, அந்த எண்ணை ஷீட்டில் எழுதுங்கள். காற்றை அடித்து ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் முறையைப் பிரிட்டனில் 2005-லேயே கைவிடச் சொல்லிவிட்டார்கள். நுரையீரலில் இருக்கும் குழாயும் அதே சத்தம் தரும். உறிஞ்சி எடுத்த நீரின் பி.எச். (அமிலத்தன்மை அளவு) 5.5 அல்லது அதற்குக் கீழ் இருக்கவேண்டும், இல்லையென்றால் எக்ஸ்ரே. பான்டோபிரசோல் வாங்குபவருக்கு பி.எச். ஏறியிருக்கக்கூடும் என்பதால் எக்ஸ்ரே தேவைப்படலாம். ஒவ்வொரு முறை ஊற்றும் முன்னும் குறி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதி வெளியே வந்த குழாயை வீட்டார் தள்ளிவிடக் கூடாது.

ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி, பிஸ்டன் இல்லாத 50 மில்லி சிரிஞ்சை வயிற்றிலிருந்து ஓர் அடி உயரத்தில் பிடித்து, 15 முதல் 20 நிமிடத்தில் தானாக இறங்கவேண்டும். பிஸ்டனை அழுத்தி இரண்டு நிமிடத்தில் ஏற்றுவதுதான் வாந்திக்கு முக்கியக் காரணம். சாப்பாடு ஏற்றியவுடன் பெட்ஷீட் மாற்றப் படுக்கையைத் தட்டையாக்குவது, ஸ்கேனுக்குப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போவது, நெஞ்சைத் தட்டிச் சளி எடுப்பது இவையெல்லாம் உணவுக்கு முன்போ அரை மணி கழித்தோ நடக்கவேண்டும். ஸ்கேன் நேரமும் உணவு நேரமும் மோதாமல் பார்த்துக்கொள்வது நிர்வாகத்தின் வேலை, அதை ஒரு ஸ்டாஃப் நர்ஸால் தனியாகச் செய்ய முடியாது.

மருத்துவர்களுக்குச் சில விஷயங்கள் மட்டும். வாந்தி புரையேறிய முதல் சில மணி நேரத்தில் வரும் காய்ச்சலும் எக்ஸ்ரே நிழலும் அமிலத்தால் வந்த எரிச்சலாக இருக்கலாம். தடுப்புக்கு என்று தரும் ஆன்டிபயாடிக் நிமோனியாவைத் தடுப்பதில்லை. சீழ்க்கட்டியோ நுரையீரலைச் சுற்றிச் சீழோ சந்தேகம் இல்லாதபோது மெட்ரோனிடசோல் போன்ற ஆன்டிபயாடிக்குகளை வழக்கமாகச் சேர்க்கவேண்டாம் என்பது 2019-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல், திடீர்க் குழப்பமும் வேகமான மூச்சும் மட்டுமாக நிமோனியா தொடங்கலாம். மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணி எழுதச் சொல்லுங்கள். எல்லோருக்கும் 20 என்று எழுதியிருக்கும் சார்ட்டால் யாருக்கும் பயன் இல்லை.

நாங்கள் கேட்பவை இவை. பக்கவாத, நரம்பியல், மருத்துவ வார்டுகளின் கேஸ் ஷீட்டில் நான்கு கட்டங்கள்: விழுங்கல் சோதனை நடந்த நேரமும் முடிவும், காலை இரவு வாய்ச் சுத்தம், ஊட்டும்போது கட்டிலின் உயரம், குழாயின் குறி எண். உடன் இருப்பவருக்குத் தமிழில், பெரிய எழுத்தில், படத்தோடு ஓர் அட்டை. அதை அவர் கையில் கொடுத்துவிடாமல் ஒரு வேளை உணவை அவர் ஊட்ட, செவிலியர் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் பணியிடம் இல்லாத மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்கு அதைக் கேட்டு வாங்குங்கள். வரும்வரை வார்டுக்கு இரண்டு செவிலியராவது சோதனையில் பயிற்சி பெறட்டும். குழாயோடு உசிலம்பட்டிக்கோ மேலூருக்கோ பேரையூருக்கோ டிஸ்சார்ஜ் ஆகிறவரின் சீட்டில் குறி எண், குழாய் மாற்றும் தேதி, குழாய் நழுவினால் கூப்பிடவேண்டிய வார்டு எண் மூன்றும் இருக்கவேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் அந்த வீட்டுக்குப் போகும்போது அவர்கள் கையிலும் அதே அட்டை இருக்கட்டும்.

எல்லா வார்டிலும் ஒரே நாளில் வேண்டாம். பக்கவாத நோயாளிகள் படுத்திருக்கும் ஒரு வார்டில் அடுத்த மாதம் முதல் தேதியில் தொடங்கி மூன்று மாதம் நடத்துங்கள். அதற்கு முந்திய மூன்று மாதத்தில் அதே வார்டில் எத்தனை பேருக்கு நிமோனியா வந்தது என்ற எண்ணிக்கையை இப்போதே எடுத்து வையுங்கள். பயிற்சிக்கு ஒரு ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் போதும். இரவு ஷிப்டாக இருந்தாலும் வந்து கற்றுத்தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
உள்நோயாளிப் பிரிவுகளில் பணிபுரியும் செவிலியர்கள், பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர்கள், இயன்முறை சிகிச்சையாளர்கள்
மதுரை